விக்குக்குள் மறைத்த வீக்கம்

முருகன் அடியார்களே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

1992 மாசியில், என் தலைத்தோலுக்குள் வைத்த ரப்பர் பையை எடுத்துவிட வேண்டி வரலாம் என்று லண்டன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்குச் சரிந்து சுட்டதால், இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு முடி இல்லாமல் இருந்தது. அதன் பக்கத்தில், முடியுள்ள தோலுக்கு அடியில் பையை வைத்து, வாரந்தோறும் ஊசியால் உப்புநீர் ஏற்றினார்கள். பை பெரிதாகப் பெரிதாகத் தோலும் விரியும். பிறகு தழும்பை வெட்டிவிட்டு, விரிந்த தோலால் மூடுவார்கள். அதுவரை பாதித் தேங்காயைக் கவிழ்த்தது போல ஒரு வீக்கம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பல்கலைக்கழகத்தில் யாரும் அதைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. தலையில் இறுக்கமாக எதுவும் அணியக் கூடாது என்று ஆஸ்பத்திரித் தாளில் இருந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அந்த வரியை விட்டுவிட்டேன். தினமும் விக் போட்டேன்.

ஒருநாள் தோல் சிவந்து கொதித்தது. தாதி காரணம் கேட்டதும் நான் அம்மாவையும் அவர் நெற்றித் திருநீற்றையும் காட்டி, இவர் என் தலையில் தினமும் சாம்பல் பூசுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் தலை குணமாக நேர்த்திக்கடன் வைத்து அம்மா பூசியது என் நெற்றியில் மட்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் விளங்கிவிட்டது.

“நான் பூசின திருநீறாலையோ, பிள்ளை?” என்றார்.

நான் தாதியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிவப்பு ஒரு கோடாக ஓடுவதைத் தாதி பார்த்தார். விக்கின் இலாஸ்டிக் உரசிய இடம் என்றார். மூன்று நாள் மருந்து, அதற்குள் சிவப்பு வற்றாவிட்டால் பையை எடுப்போம் என்றார் வைத்தியர்.

கும்பிடுவது படிக்காதவர்களின் வேலை என்று நினைத்திருந்த நான், அன்று சுவாமிப் படத்தின் முன் விழுந்து அழுதேன். பையைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் பலம் தா, முருகா என்றேன்.

சொன்னேன்.

“உந்த விக்குக்கும் சேர்த்து நேர்த்தி வைக்க என்னாலை ஏலாது. கழட்டு” என்றார் அம்மா. பிறகு என் நெற்றியில் திருநீறு பூசினார்.

மூன்றாம் நாள் சிவப்பு வற்றியிருந்தது. பை தப்பியது. மருந்தால் மட்டும் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தலையை மூடாமல் லண்டன் ஆர்ச்வே முருகன் கோயில் சந்நிதியில் நின்றேன். ஒரு மாமி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இது ஆர் என்று அம்மாவிடம் கேட்டார்.

“என்ரை மகள். யூனிவர்சிட்டியிலை படிக்கிறாள்” என்றார் அம்மா.

ஆனியில் தழும்பை எடுத்தார்கள். இப்போது அங்கே முடி இருக்கிறது. உங்களுக்கும் மறைத்து வைத்த ஒன்று இருந்தால், அதை அவன் முன் திறந்து காட்டுங்கள். என்னைப் போன்றவளையே அவன் தள்ளிவிடவில்லை.