அண்ணையின் நெற்றியில் படூக்

என் பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிக்கிற நாள். அன்றைக்குச் சம்பந்தி அம்மா தன் கையால் இடித்துக்கொண்டு வந்த சிவப்புத் தூளை என் அண்ணை குசினிக் குப்பைவாளிக்குள் கொட்டினார். சமாதானமாக எழுதலாம் என்று தொடங்கிப் பார்த்தேன். வரவில்லை. வருகிறபடியே எழுதுகிறேன்.

முதலில் மருமகளைச் சொல்ல வேண்டும். கபோன் நாட்டுக்காரி. மரஞ்செடிகளைப் பற்றிப் படித்து, பாரிசில் காய்ந்த இலைகளையும் காய்களையும் வகைபிரித்து வைக்கிற ஓர் இடத்தில் வேலை செய்கிறாள். மகன் அவளை ஆர்ஜொந்தெய்யிலுள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முதல் கூட்டிவந்த அன்று, மற்றவர்கள் சொக்கிலேற் பெட்டி கொண்டுவருகிற இடத்தில் அவள் ஒரு காயைக் கொண்டுவந்தாள். பொரித்த சின்ன அப்பளம் மாதிரி வட்டமாக இருந்தது. சுற்றிவர மெல்லிய செட்டை, நடுவில் விதை புடைத்துக்கொண்டு நின்றது.

"அவரைக்காயும் இதுவும் ஒரே குடும்பம்" என்று பிரெஞ்சில் சொன்னாள், எனக்கு விளங்காததை மகன் தமிழாக்கினான். நான் பாரிசில் ரூ காய் என்கிற எங்கள் தமிழ்க் கடைத்தெருவில் கிழமைக்குக் கிழமை அவரைக்காய் வாங்குகிறவள். அதற்குச் செட்டை முளைத்து நான் கண்டதில்லை. அதையே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். காற்றில் பறந்து தாய்மரத்தின் நிழலைவிட்டு எட்டப் போய் விழத்தான் இந்தச் செட்டை என்றாள்.

மரத்தின் பெயர் படூக். தேத்தண்ணி ஆறுகிறதுகூடத் தெரியாமல் அவள் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்காட்டு மரம், ஆனால் கூட்டமாக நிற்காது. இங்கே ஒன்று நின்றால் அடுத்ததைத் தேடிக் கனதூரம் நடக்க வேண்டும். அடியில் வேர்கள் பலகை பலகையாக எழும்பி நிற்கும், இடையில் ஓர் ஆள் ஒளிக்கலாம். நிலத்துக்குள் இருக்கிற வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். அவை காற்றிலிருந்து சத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும், மண்ணும் அதனால் பிழைக்கும். கன்றாக இருக்கும்போது அதற்கு வெளிச்சம் வேண்டும். பெரிய மரமொன்று சாய்ந்து வானம் தெரிகிற இடத்திலும், சனங்கள் பயிர்செய்து கைவிட்ட நிலத்திலும்தான் துணிந்து எழும்பும். வளர்ந்தபிறகு தலை மற்ற மரங்களுக்கு மேலே போய்விடும். மஞ்சள் பூ. இளம் இலையை அவர்கள் கறியாக்குவார்கள். பட்டையில் கத்தி பட்டால் இரத்தம் மாதிரியே வடியும். அறுத்த புதிதில் கட்டை கரட் நிறத்தில் இருந்து, வெளிச்சம் படப்படக் கபிலமாகும்.

"உங்கள் பக்கத்திலும் இதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள்" என்று கைபேசியில் படங்களைக் காட்டினாள். ஒன்று வேங்கை. மற்றது செஞ்சந்தனம். இரண்டிலும் அதே வட்டக் காய், அதே செட்டை. மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. நாங்கள் சாதிசனம் விசாரிக்கிறதுபோல மரங்களுக்குச் சாதிசனம் விசாரிக்கிற பெட்டையை யாருக்குத்தான் பிடிக்காது?

யாருக்கு என்றால், என் அண்ணைக்கு. என்னைப் பிரான்சுக்கு எடுத்தவர் அவர். அப்பாவின் இடத்தில் நின்று எனக்குக் கலியாணம் செய்துவைத்தவர். கோயில் நிர்வாகத்தில் இருக்கிறவர், சுவாமி காரியம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் மருமகளைப் பற்றிப் பேச்செடுத்தால் "அந்தக் கறுவல் பெட்டை" என்பார். இவர் என்னவோ பனிக்குள் பிறந்து வளர்ந்தவர் மாதிரி. குடும்பப் படத்தில் வெளிச்சம் போதாவிட்டால் அண்ணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. பேரன் பிறந்தால் மனிதர் இளகிவிடுவார் என்று நம்பினேன்.

பேரன் பிறந்தான். அவளுடைய அம்மா கபோனில் லிப்ரவீலிலிருந்து வந்தா. அவர்கள் வழக்கத்தில் படூக் மரத்தின் வயிரம் பாய்ந்த சிவப்பு நடுக்கட்டையை இடித்து, அரித்து, எண்ணெயில் குழைத்துப் பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் பூசுவார்கள். அந்தத் தூள் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்த மனுசி அவ. முப்பத்தொன்றன்று என் வீட்டில் அதைக் கிண்ணத்தில் போட்டுத் தட்டில் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் பக்கத்தில் வைத்தது நான்தான். இரண்டு பக்கத்துப் பிள்ளை, இரண்டு பக்கத்துச் சாமானும் இருக்கட்டும் என்று.

ஐயர் வரமுன்னம் அண்ணை தட்டைப் பார்த்தார்.

"உது என்ன?"

"சம்பந்தி அம்மா கொண்டுவந்தது அண்ணை. பிள்ளைக்குப் பூசிற தூள்."

"காட்டுச் சாமானைக் கொண்டுவந்து சாமித் தட்டிலை வைக்கிறதே? ஐயர் பாத்தால் என்ன நினைப்பார்?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் வாளிக்குள் கவிழ்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பக்கெற் எடுத்தார். ரூ காயில் வாங்கின செஞ்சந்தனம். பன்னீர் விட்டுக் குழைத்தார். பிள்ளைக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, தன் நெற்றியிலும் இழுத்துக்கொண்டார். "இதுதான் சுத்தம்" என்றார்.

சம்பந்தி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. கண் இருக்கிறதுதானே. கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தா. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தா. ஐயர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனதும் மருமகள் பிள்ளையைத் தூக்கினாள், தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். மகன் பின்னால் போனான். யாரும் சாப்பிடவில்லை. பிள்ளையின் பொட்டை அவள் அழிக்காததைத் தன் வெற்றி என்று அண்ணை நினைத்தார்.

வாசலில் வைத்து அவள் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். "அம்மா, அவருடைய நெற்றியில் இருப்பதும் அந்தத் தூள்தான். அந்த நிறத்தோடு வளர்ந்தவள் நான். இனி இந்த வீட்டுக்கு என் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன்."

என் ஒரே பேரன். அன்றிரவு நான் கண் மூடவில்லை.

சனிக்கிழமை நேரே அண்ணை அந்தப் பக்கெற் வாங்கின கடைக்குப் போனேன். செஞ்சந்தனப் பக்கெற்றை மேசையில் வைத்து, இது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். பில் போட்டுக்கொண்டிருந்த முதலாளி ஒளிக்கவும் இல்லை.

"அக்கா, அசல் செஞ்சந்தனத்தை இந்தியாவிலை இருந்து ஏத்த விடுறாங்களில்லை. இது ஷத்தோ ரூஜ் ஆபிரிக்கன் கடையிலை மூட்டையா எடுக்கிறது. படூக் எண்டு சொல்லுவினம். நாங்கள் சின்னனாக் கட்டி விக்கிறம். கோயிலுக்கும் இதுதான் போகுது."

"அப்ப ஏன் செஞ்சந்தனம் எண்டு எழுதியிருக்கிறியள்?"

"ஆபிரிக்காத் தூள் எண்டு எழுதினால் எங்கடை சனம் தொடுங்களே அக்கா?"

சொல்லிவிட்டு அடுத்த ஆளின் மரக்கறியை நிறுக்கத் தொடங்கினார். பொய் சொன்ன மனிசனைவிட, அந்தக் கடைசி வசனத்தில் ஒரு பொய்யும் இல்லாததுதான் எனக்கு விசரைக் கிளப்பியது. நாலு தெருவைத் தாண்டினால் சொந்தப் பெயரோடு விற்கிற மரம், எங்கள் தெருவில் வேறொரு மரத்தின் பெயரைப் போர்த்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அப்படி வந்தால் சாமிக்கும் சாத்துவோம்.

லா ஷப்பேல் மெற்றோப் பாலத்துக்குக் கீழே நின்று அண்ணைக்குப் போன் எடுத்தேன். கடைக்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன்.

"ஏமாத்திப்போட்டான். இனி அவன்ரை கடையிலை வாங்காதை" என்றார்.

"அண்ணை, அந்த மனுசியிட்டை வந்து ஒருக்கா மன்னிப்புக் கேளுங்கோ."

"நானோ? கறுவலிட்டையோ? உனக்கென்ன விசரே? ஆர் உன்னை இஞ்சை எடுத்தது எண்டு மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு காலமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மேலே மெற்றோ போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன், அவருக்கு வடிவாகக் கேட்க வேண்டும் என்று.

"முதல்லை நெத்தியைக் கழுவிப்போட்டு வந்து கதையுங்கோ" என்றேன். வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் அண்ணையை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். கோபம் இறங்கவில்லை.

கார் து நோர் ஸ்ரேசனில் ரயில் எடுத்து வில்லியே லே பெல்லில் மகன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது சம்பந்தி அம்மா. நான் என் அரைகுறைப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அண்ணை இனி என் வீட்டுப் படி ஏறமாட்டார் என்றும் சொன்னேன். மருமகள் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நிச்சயமா அம்மா?" என்றாள்.

"ஓம்" என்றேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும்.

சம்பந்தி அம்மா வாளிக்குப் போகாமல் மிஞ்சியிருந்த தூளைக் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு என் உள்ளங்கையிலேயே குழைத்தா. பிள்ளையை என் மடியில் கிடத்தினா. அவன் காலையும் முதுகையும் நான் தடவத் தடவ, அவன் சிணுங்கிச் சிணுங்கி நித்திரையாகிப் போனான்.

திரும்பி வரும்போது ரயிலில் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருத்தி இருந்தா. என் சிவந்த கையைக் கண்டதும் முகம் மலர்ந்து, "கோயிலுக்குப் போட்டு வாறியளோ அக்கா? செஞ்சந்தனமே? துளி தாங்கோவன், நெத்தியிலை வைப்பம்" என்று விரலை நீட்டினா.

"செஞ்சந்தனம் இல்லைத் தங்கச்சி. படூக். ஆபிரிக்கா மரம். என்ரை மருமகளின்ரை ஊர்" என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

அவ விரலை மடக்கி, கையைத் தன் பைக்குக் கீழே வைத்துக்கொண்டா.