மேல்மாடித் தண்ணீர்ச் சத்தம்

தில்லையம்பலம் காலமான செய்தி எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. நல்லவர், அமைதியானவர் என்றெல்லாம் எழுதினீர்கள். பொய் எழுதாதீர்கள். என் கார் நிற்கும் இடத்தில் தன் காரை விட்டுவிட்டு, "உங்கட பேர் எழுதியோ கிடக்கு?" என்று கேட்ட சண்டைக்காரர் அவர்.

புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரிடம் நாற்பது வருடம் லிகிதராக இருந்தவர். வாயால் சொல்லி முடிக்கக்கூடியதையும் பிரதி வைத்துக் கடிதமாகவே அனுப்புவார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியது. பாமன்கடையில் என் மருந்துக்கடையைப் பூட்டி வரப் பத்து மணியாகும். எனக்கு நித்திரை வேண்டும். என் அறைக்கு நேர்மேலே அவருடைய மலசலகூடத்தில் இரவில் பலமுறை தண்ணீர் ஊற்றப்படுகிறது என்று தொடர்மாடிக் கமிட்டிக்கு முறைப்பாடு கொடுத்தேன். பன்னிரண்டரை, ஒன்றே முக்கால், மூன்று, நாலரை. ஒரு கிழமை விழித்திருந்து குறித்த நேரங்கள் அவை.

அவரிடமிருந்து எனக்குப் பதில் இலக்கமிட்டு வந்தது. "ஒன்று: இரவில் தாகம் தாங்க முடியவில்லை, போத்தல் போத்தலாகக் குடிக்கிறேன். இரண்டு: குடித்தது வெளியே போகும். மூன்று: பாதம் எரிகிறது, அதனால் நடக்கிறேன். இவற்றுக்குக் கமிட்டியின் அனுமதி தேவையில்லை."

"திமிரைப் பார்" என்று மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மயங்கி விழுந்தார். அவருடைய மனைவி வந்து என் கதவைத் தட்டினார். என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"சீனி பாக்கிற மெஷின்ல எண்ணே விழேல்ல, 'ஹை' எண்டு மட்டும் காட்டுது. இவருக்குச் சீனி வருத்தம் எண்டு தெரியாதோ? இரவில அடிக்கடி எழும்பினவரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"தெரியாது டொக்டர். நான் நித்திரைக் குளிசை போட்டுப் படுக்கிறனான்" என்றார் அந்த அம்மா.

அவர் எழும்பிய நேரம் ஒவ்வொன்றும் தெரிந்திருந்த நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

இன்றும் அவரை எனக்குப் பிடிக்காது. என்னிடம் இருப்பது அவருடைய அந்தக் கடிதம் மட்டும்தான். இரவில் தாகம், அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கிறது என்று முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து சொன்னாலும், "சீனி பாத்தனீங்களோ?" என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. தில்லையம்பலம் அதையே கையெழுத்துப் போட்டு எனக்கு எழுதினார். அவரிடம் நான் கேட்கவில்லை.