சிவப்பு டேப் ஒட்டிய தட்டு

ஆய்வகத்தில் அவளைப் 'பூட்டு' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல, முதுகுக்குப் பின்னால். திரவ நைட்ரஜன் தொட்டியின் சாவி அவள் கழுத்தில் தொங்கியது ஒரு காரணம். வாயைத் திறந்தால் 'கூடாது' என்பதைத் தவிர வேறு சொல் வராது என்பது இன்னொரு காரணம். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். பூட்டு இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழைவார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

பதினைந்து வருடமாக அங்கே செல் வளர்ப்பது அவள் வேலை. தசை கிழிந்தால் எழுந்து வந்து ஒட்டுப்போடும் ஸ்டெம் செல்கள் தசைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். நோயாளிகளின் தொடையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அந்தச் செல்களைப் பிரித்து, வளர்த்து, குப்பியில் அடைத்து அந்தத் தொட்டியில் உறையவைப்பாள். செல்லுக்குள் அடுப்பெரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அந்த ஸ்டெம் செல்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் அந்த ஆய்வகத்தின் கேள்வி.

அவளோடு எலியும் பூனையுமாக இருந்தவன் 'பரபர' என்று பெயர் வாங்கிய ஆராய்ச்சியாளன். பட்டம் வாங்கிய கையோடு வந்தவன். கையுறையைக் கழற்றிக்கொண்டே நடப்பான், நடந்துகொண்டே சாப்பிடுவான். காரியம் ஆகவேண்டுமென்றால் அவளை 'அக்கா' என்பான். சண்டை என்றால் 'மேடம்'. அந்த வருடம் அவள் காதில் 'அக்கா' விழவே இல்லை.

சண்டை பதினேழைப் பற்றியது. துணுக்குக் கொடுத்தவர்களின் பெயர் ஆய்வகத்துக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும்தான். பதினேழின் குப்பிகள் வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செலவாகி, தொட்டியில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. பரபரவின் கட்டுரை அதற்காகக் காத்துக்கிடந்தது.

"உருக்கி அப்படியே குடுங்க மேடம். செல்தானே? தங்கமா?"

"முதல்ல பெருக்கணும். திரும்ப உறைய வச்சு நாலு குப்பி தொட்டிக்குள்ள போகணும். மிச்சம்தான் உங்களுக்கு."

"உங்க சொத்து மாதிரி பேசறீங்களே!"

பதினேழு அவளுடைய தம்பி.

அவன் கடிகாரக் கடையில் வேலை பார்த்தவன். இமைகள் எப்போதும் பாதி மூடியே இருந்ததால் பள்ளியில் அவனைத் தூங்குமூஞ்சி என்று அழைத்தார்கள். வீடு மூன்றாவது மாடியில். மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுவான். நோய்க்குப் பெயர் தெரிந்த அன்று, "ஒரு துணுக்குக் குடுடா, உன்னை மாதிரி இருக்கிறவங்களுக்கு ஆகும். எறும்பு கடிச்ச மாதிரிதான், வலிக்காது" என்று அவள்தான் அழைத்துப் போனாள். வலித்தது. புண் ஆற நாளானது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தான். ஒரு மத்தியானம் இதயம் நின்றுபோனது. புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அம்மா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"தொடையில கத்தி வச்ச அன்னைக்கே பாதி போயிட்டான். கூட்டிட்டுப் போனவ நீ" என்று கரித்துக்கொட்டுவாள். அப்படித் திட்டிவிட்டு, சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றும்போது, முகத்தைப் பார்க்காமலே கேட்பாள்: "இருக்கானா?"

"இருக்கான்மா."

தாய்க்கும் மகளுக்கும் இடையில் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான். அந்தக் குப்பி காலியானால் அதுவும் இல்லை. இதை ஆய்வகத்தில் சொல்ல வழியில்லை. சொந்தக்காரி என்று தெரிந்தால் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை அவளை அந்த வேலையிலிருந்தே விலக்கிவிடுவார்.

பேராசிரியை அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பரபர முகத்தை முறுக்கிக்கொண்டு போனான். குப்பியை உருக்கித் தட்டில் இட்டு, செல்களுக்கு உடல்சூடு கொடுக்கும் இன்குபேட்டரில் வைத்தாள். முன்பு ஒருமுறை அவள் தட்டுகளைக் கேட்காமல் நகர்த்தி வைத்தவன் அவன். அதனால் மூடியின் மேல் சிவப்பு டேப் ஒட்டி எழுதினாள்: 'யாரும் தொடக்கூடாது.' கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

இந்தச் செல்களிடம் ஒரு குணம் உண்டு. இடம் இருக்கும்வரை பெருகும். நெருக்கிக்கொண்டு தோள் இடித்தால் பெருகுவதை நிறுத்தி ஒன்றோடொன்று இணைந்து நாராகிவிடும். நாரான பிறகு திரும்பி வராது. அதனால் நெருங்குவதற்கு முன்பே பிரித்து வேறு தட்டுகளில் இடவேண்டும். சனிக்கிழமை வந்து பிரிப்பதாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தம்பியின் செல்கள் எப்போதும் சோம்பேறிகள், திங்கள்வரை தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவில்லை. தட்டு முழுக்க நீள நீளமான நார்கள், சீப்பால் வாரிவிட்டதுபோல. ஓரத்தில் தனித்து நின்ற சிலதைப் பிரித்து வேறு தட்டில் இட்டாள். அவை பெருகவில்லை.

"சனிக்கிழமையே பார்த்தேன். நெருக்கமாத்தான் இருந்துச்சு" என்றான் பரபர, பின்னால் நின்று.

"பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"தொடக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. தொடலை."

"ஒரு போன் பண்ண விரல் இல்லையா?"

"போன மாசம் பண்ணினேன். லீவு நாள்ல எதுக்குக் கூப்பிடறேன்னு கத்தினது யாரு? கோடெல்லாம் போட்டு எழுதியிருந்தீங்களே மேடம். அழகான கையெழுத்து."

கையிலிருந்த பிப்பெட்டை அவன் மேல் எறியாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பேராசிரியை வந்து பார்த்துவிட்டு, "இவங்க டேப்பை ஒட்டினாங்க, நீ வாயை ஒட்டிக்கிட்டே. ரெண்டு பேர் வீம்புமா சேர்ந்து பதினேழை முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை நார்கள் துடிக்கத் தொடங்கின. வளர்ந்த தசைநார் அப்படித் துடிப்பதுண்டு. சில நாளில் தட்டைவிட்டு உரிந்து சுருண்டு வீணாகிவிடும். அதற்குள் ஆக்சிஜன் இழுப்பதை அளக்கும் கருவியில் போட்டால் ஒரே ஒரு அளவாவது கிடைக்கும் என்றான் பரபர.

"கூடாது."

"எப்படியும் சாகப்போறதுதானே?"

அவள் தட்டை எடுத்து இன்குபேட்டரின் மேல் அடுக்கில், அவன் கைக்கு எட்டாத மூலையில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "இருக்கானா?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "இனிமே வளராதும்மா. நாராயிடுச்சு. என் தப்புதான். ரெண்டு நாள் விட்டுட்டேன்... இப்போ துடிச்சுக்கிட்டிருக்கு."

"துடிச்சா வலிக்குமே" என்றாள் அம்மா.

"நரம்பு இல்லம்மா. வலிக்காது."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அம்மா இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துடிக்க விட்டு வேடிக்கையா பார்க்கிறே? அவன் எதுக்குக் குடுத்தானோ அதுக்குப் போகட்டும். முடிச்சு விடு. இனிமே நானும் கேக்க மாட்டேன்."

மறுநாள் காலை அவள் பரபரவின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "கருவியைத் தயார் பண்ணுங்க சார். எடுத்துப் போடறது நான்தான். நீங்க தொடக்கூடாது."

"தொடலை, மேடம்."

டேப்பை உரித்தாள். நார்களைத் தட்டிலிருந்து பதமாகப் பிரித்து, கருவியின் கண்ணாடிக் குழிக்குள் விட்டு மூடினாள். அடியில் குட்டிக் காந்தம் சுழன்றது. நார்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்பதைத் திரையில் ஒரு கோடு சொல்லும். நல்ல தசையென்றால் மருந்து விட்டதும் கோடு எகிறும். இது கொஞ்சம் எழுந்தது, தயங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு சொட்டு விட்டாள். அசையவில்லை.

பரபர திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தான். குரலில் ஏளனம் இல்லை. "இவ்வளவுதானா? இந்த ஆள் எப்படித்தான் மாடிப்படி ஏறினாரோ!"

"ஏற மாட்டான்" என்றாள் அவள், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாதியில உட்கார்ந்துக்குவான். நான்தான் முதுகில தூக்கிக்கிட்டுப் போவேன்."

பரபர நாற்காலியைவிட்டு எழுந்தான். எழுந்தவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அக்கா..."

"மேடம்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள், செல்லின் மூச்சை நிறுத்தும் கடைசி மருந்தை விட்டாள். கோடு மெல்ல இறங்கியது. அது அடியைத் தொடும்வரை இருவரும் நின்றுகொண்டே பார்த்தார்கள்.