அப்பாவின் ஹெலிகாப்டருக்கு ஒரு சவுண்ட் கார்டு

கீ... கீ... கீ...

காதில் ஊசி குத்துவதுபோல ஒரு சத்தம். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் விடியும். அப்பா கேம் ஆட உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் புது கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது, அப்பாவின் ஃபேக்டரி ஆபீசில் கழித்துக் கட்டிய மஞ்சள் பூத்த ஒரு பழைய பெட்டி. அதில், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஒரு ஹெலிகாப்டர் கேம். அதைத் தவிர வேறு எதையும் அவர் தொடமாட்டார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பதினெட்டு வருடம் பிரஸ் ஷாப்பில் தகடு அடித்த மனிதருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

ஒரு நாள் கேம் நடுவில் உறைந்து நின்றுவிட்டது. அந்த 'கீ' மட்டும் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

"அந்தச் சனியன யாராச்சும் நிறுத்துங்களேன்!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினார்.

அப்பா ஸ்கிரீனுக்கு நேர் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"அப்பா, சத்தத்த மொதல்ல நிறுத்துங்க."

என் வாயையே பார்த்தார். "எந்தச் சத்தம்? இந்த கேமுக்கு ஏது பாப்பா சத்தம்?"

முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை... நிஜமாகவே அவருக்குக் கேட்கவில்லை. அத்தனை நாளும் ஊமைப் படம் பார்ப்பதுபோலத்தான் அதை ஆடியிருக்கிறார்.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அம்மா திரும்பாமலே, "ரெண்டு வருசமா இப்படித்தான். கேட்டா, எனக்கென்ன கொறைங்கறாரு... அப்புறம் நாள் பூரா பேச மாட்டாரு" என்றார்.

அப்போது நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்குக் கீச்சுச் சத்தம் கேட்பதுதான் முதலில் போகும், கனத்த சத்தம் கடைசி வரை கொஞ்சம் கேட்கும் என்று அங்கே ஒருவர் சொன்னார். பெட்டிக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கருக்கோ கீச்சிட மட்டும்தான் தெரியும். அப்படியென்றால், கனத்த சத்தம் வர அந்தப் பெட்டிக்குத் தேவை ஒரு சவுண்ட் கார்டு.

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது" என்றார் அப்பா.

"எனக்கு வேணும்ப்பா."

எனக்கு என்றால் அவருக்கு மறுக்கத் தெரியாது. அடுத்த ஞாயிறு, சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் கிளம்பினோம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மஞ்சுநாத்தின் கடை. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். என்னைப் பார்த்ததும் பளபளக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"லேட்டஸ்ட் மேடம். நாலு ஸ்பீக்கர் போடலாம். தியேட்டர் தர, தியேட்டர் மாதிரியே இருக்கும்!"

எனக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவரே மாட்டி, இரண்டு சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கரையும் இணைத்தார். விண்டோஸ் திறக்கும்போது வரும் இசை அவ்வளவு அழகாக வந்தது. அப்பாவைப் பார்த்தேன். தலையாட்டினார்... கேட்காதபோது ஆட்டும் தலையாட்டல். இப்போது எனக்கு அது தெரியும்.

ஹெலிகாப்டரை ஓட்டிப் பார்த்தோம். புது ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

மஞ்சுநாத் நெற்றியைத் தேய்த்தார். "டாஸ் கேமா? மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்! ஸ்வல்ப இருங்க."

உள்ளே போய், தூசி படிந்த நீளமான பழைய கார்டு ஒன்றை ஊதிக்கொண்டே வந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"புதுசு பாத்துட்டு இதையா வாங்கறது?" என்றேன்.

"ஹளே கார்டு, பழசுதான். ஆனா உங்க கேமுக்கு இதோட பாஷைதான் தெரியும். இதுலயே ஆம்ப்ளிஃபையரும் இருக்கு. பெரிய பாக்ஸே ஓடும்."

கார்டில் இருந்த குட்டிப் பின்களை மாற்றி மாற்றிப் போட்டார். கேம் கேட்ட நம்பரை மூன்று தடவை தப்பாக அடித்தார். கடையில் பாட்டுப் போட வைத்திருந்த மரப்பெட்டி ஸ்பீக்கரை இறக்கி, அதையும் மாட்டினார். முதலில் வெறும் 'உஸ்' என்று இரைச்சல். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்புறம்...

தட்-தட்-தட்-தட்.

அப்பாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. ஸ்கிரீனை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு என்னை.

"பாப்பா... ரெக்கையா இது? சுத்துறது?"

"ஆமாப்பா."

"இத்தன நாளா இது சத்தம் போட்டுக்கிட்டா இருந்துச்சு?"

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். மஞ்சுநாத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன ஏதென்று புரியாமலேயே மஞ்சுநாத்தும் கூடச் சேர்ந்து சிரித்தார். பழைய கார்டு, அதே மாதிரி ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர். இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை எப்படிச் சொல்வது... அலமாரியில் டம்ளர் எல்லாம் அதிரும். "வீட்டுக்குள்ளயே எறக்கப் போறீங்களா?" என்று அம்மா சத்தம் போடுவார். "கேக்குது, கேக்குது!" என்று அப்பா பதில் கொடுப்பார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இல்லாத சண்டை. அவ்வளவு சந்தோஷமான சண்டை!

ஒரு மாதம் கழித்து, யாரும் சொல்லாமல், அவராகவே காது டாக்டரிடம் கிளம்பினார். "எது கேக்குது, எது கேக்கலன்னு இப்ப எனக்கே தெரியுதில்ல... எழுதிக் காட்டிரலாம்" என்றார்.

இன்று அப்பாவின் இரண்டு காதிலும் மெஷின். கம்ப்யூட்டரும் கார்டும் வீடு மாறியபோது போய்விட்டன. அதே கேமைப் போன மாதம் என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். இரைச்சல் இல்லை, கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மார்ல வந்து இடிக்கலையே பாப்பா."

அப்படிச் சொன்னாரே தவிர, எழுந்திருக்கவில்லை. சாப்பிட நான்கு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இந்த முறை அதற்குக் காது காரணமில்லை.