என் பட்டறையைத் தாண்டிப் போகும் கார்

என் பட்டறை வாசல் வந்ததும் அண்ணி ஹாரன் அடிப்பார். நிறுத்துவதற்காக இல்லை, தாண்டிப் போவதற்காக. சத்தம் போடாமல் போனால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஹாரன் இருக்கிறதே, அதுதான் வருஷக்கணக்காக என் வயிற்றெரிச்சல். நான் கார் மெக்கானிக். தெருமுனையில் பட்டறை. எவனெவன் வண்டியோ என் கைக்கு வருகிறது. கூடப் பிறந்த அண்ணன் வீட்டு வண்டி மட்டும் இதுவரை என் பட்டறைக்குள் மூக்கை நுழைத்தது கிடையாது. வேலைக்கு வண்டி விட வருகிறவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "என்னண்ணே, உங்க அண்ணியே உங்களை நம்பலையாமே?" என்று கேட்டுவிட்டு, என் டீயையே வாங்கிக் குடிப்பார்கள்.

அண்ணிக்குத் தொழில் தையல். வீட்டு முன்னறைதான் கடை. கோட்டு, கால்சட்டை, வேலைக்காரர்களின் சீருடை, எல்லாம் தைப்பார். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று அண்ணனிடம் ஒருதரம் கேட்டேன். "அதை ஏன்டா என்கிட்ட கேக்குற, நான் படுத்ததும் தூங்கிடுறேன்" என்றார். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு "இந்தப் பக்கம் இறுக்குதுங்க" என்று கண்ணாடியைக் காட்டுவார்கள். அண்ணிக்குக் கோபம் வந்துவிடும். "எந்தப் பக்கம்? உங்க இடமா, கண்ணாடி இடமா? போடுறவங்க கைதான் கணக்கு, பாக்குறவங்க கை இல்ல" என்பார். அந்த வீட்டில் இதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கேட்கலாம்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன டிராயர்கள். மேல் வரிசையில் பொத்தான்கள், கீழ் வரிசையில் நட்டும் போல்ட்டும் வாஷரும். மேலது கீழே போகும், கீழது மேலே வரும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் புதுக் கோட்டின் பையில் செம்பு வாஷர் ஒன்றைக் கண்டெடுத்து, "இது உபரிப் பொத்தானாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க சார், பத்திரமா வச்சுக்கோங்க" என்று இவரும் சொல்லிவிட்டார். மறுநாள் இன்ஜின் ஆயில் மாற்ற உட்கார்ந்தபோதுதான் அந்த வாஷர் இல்லாமல் வேலை நடக்காது என்று தெரிந்திருக்கிறது. நேராக வாத்தியார் வீட்டுக்குப் போய், நல்ல பொத்தான் ஒன்றைக் கொடுத்து மாற்றி வாங்கி வந்தார்.

கால் மிஷினை மிதிக்கும், கை துணியைத் தள்ளும், கண் மட்டும் நூல் கண்டில் சாய்த்து வைத்த போனில் இருக்கும். போனில் பாட்டும் இல்லை, படமும் இல்லை. பழைய கார் சாமான் விற்கிற கடைகள்தான். அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். கெட்டுப்போன சாமானைக் கழற்றி, வெட்டிய துணித் துண்டால் துடைப்பார். உடம்பில் எங்காவது நம்பர் அச்சடித்திருக்கும். தேய்ந்து போயிருந்தால் தையல் சாக்குக்கட்டியை அதன் மேல் தேய்ப்பார். எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். அந்த நம்பரைப் போனில் போட்டு, வேறு எந்தெந்த வண்டிக்கு அதே சாமான் பொருந்தும் என்று தேடுவார். "காருக்குன்னு கேட்டா ஒரு விலை தம்பி. இதே சாமான் ரொட்டி வண்டிக்கும் போடுறாங்க. டப்பா மாறினா விலை பாதி" என்பார். நானும் தொழிலில் இருக்கிறவன். ரொட்டி வண்டி எனக்குத் தோன்றியதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் ஏமாந்ததும் உண்டு. வெளிக்கண்ணாடி ஒன்று ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது என்று தருவித்தார். வந்த பெட்டி சோப்பு டப்பா அளவுக்கு இருந்தது. பிரித்தால், பொம்மைக் காருக்கு உண்டான கண்ணாடி. "படத்துல பெருசாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அன்றிலிருந்து ஒரு சட்டம்: விற்கிறவர் யாராக இருந்தாலும், சாமான் பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முகம் தெரியாத ஊர்களிலெல்லாம் அவருக்கு 'டேப் அக்கா' என்று பேர். ஒரு வியாபாரி, தனக்குப் பெண் குழந்தை பிறந்ததும் அண்ணிக்குத்தான் முதலில் படம் அனுப்பினான். குழந்தைக்குப் பக்கத்தில் டேப் நீட்டி வைத்திருந்தது.

வண்டிக்கு அவர் வைத்த பேர் மகராசி. நிறம் ஒரு காலத்தில் நீலம். இடதுபக்கக் கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கச் சுற்றுகிற கைப்பிடி கிடையாது. எத்தனையோ நாளாகத் தேடுகிறார், அந்தச் சின்னக் கைப்பிடி மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. அதற்குப் பதில் ஒரு கொறடு கிடக்கும். அதால் கவ்வித் திருக வேண்டும். திருகுகிறவர் என் அண்ணன். அவர் பஸ் டிரைவர். வாரம் முழுக்க ஊரைச் சுமந்துவிட்டு வருகிறவருக்கு ஸ்டீரிங்கைக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஓட்ட, அண்ணன் பக்கத்தில் சீட்டைச் சாய்த்துப் போட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே போவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. "நல்லா இருந்துச்சுடா" என்பார்.

ஒருநாள் மனம் பொறுக்காமல் நேராகவே கேட்டுவிட்டேன். "என் வேலையில என்ன குறை அண்ணி?"

"குறையா? யார் சொன்னா? நீங்க நல்லாச் செய்வீங்கன்னு தெரியும். அதான் வர்றதில்ல."

"இதென்ன கூத்து?"

"உங்ககிட்ட விட்டா நீங்க செய்வீங்க. நான் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிக்கணும். அதுல எனக்கு என்ன இருக்கு? உங்க கல்யாணக் கோட்டை நான் தைக்கும்போது நீங்க வந்து ஊசி கோத்தீங்களா?"

அன்றைக்கே எனக்கும் ஒரு சட்டம் போட்டார். அவர் வேலை செய்யும்போது நான் வரலாம், பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது.

இந்த வாரம் இரண்டு நாளாக ஹாரன் கேட்கவில்லை. கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் வேலை ஓடவில்லை. ஸ்பேனரை வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் போனேன். மகராசி முற்றத்தில் முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிப் போட்டு, கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. பிரேக் போய்விட்டது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கிடுக்கியைத்தான் காலிப்பர் என்போம். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பழையவை துருப்பிடித்து இறுகிவிட்டதால், போனில் தேடிப் புதுசாக ஒரு ஜோடி வாங்கி மாட்டியிருந்தார். மாட்டியும் பிரேக் பிடிக்கவில்லை. மிதித்தால் பெடல் தலையணையை மிதித்த மாதிரி உள்ளே போனது.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "இத பாரு, நான் பஸ் ஓட்டுறவன். பிரேக் விஷயத்துல விளையாட்டு வேணாம். சனிக்கிழமை சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள பிரேக் பிடிச்சா வண்டி இருக்கட்டும். பிடிக்கலேன்னா பழைய இரும்புக்காரரைக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன்."

"அதுவரைக்கும் யாரும் மகராசியைப் பத்திப் பேசக் கூடாது" என்றார் அண்ணி. சொன்ன குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

குழாயில் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கிற சின்ன மூக்கைத் திருகித் திறந்து மூட வேண்டும். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். அண்ணி படுத்துக்கொண்டு திறந்தார், மூடினார், திறந்தார். பிரேக் ஆயில் வீணானதுதான் மிச்சம். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. காற்று எப்போதும் மேலே போய்த்தான் நிற்கும். அதனால் மூக்கும் மேல்பக்கம் இருக்க வேண்டும். இங்கே இரண்டு மூக்கும் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. இடது காலிப்பர் வலது பக்கம், வலது காலிப்பர் இடது பக்கம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சட்டம் சட்டம்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்ததைச் சொன்னேன். என் மனைவி, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்" என்றாள். "சொன்னா வண்டி பிழைக்கும். அண்ணி என்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க" என்றேன். சனிக்கிழமை சாயங்காலம்வரை பார்ப்பது, இரும்புக்காரர் வண்டி தெருவுக்குள் திரும்பினால் கத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், தைக்கக் கொடுத்த கால்சட்டையைக் கேட்கிற சாக்கில் போனேன். முன்னறையில் ஒரு குட்டை ஸ்டூல் மேல், பாதி தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். ஏதோ வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறவராம். அண்ணி வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் ஜன்னல் வழியாக மகராசி மேல் வைத்தபடி, அவர் கோட்டின் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் இடது கைதான் இறுக்குதுன்னு சொன்னேன். நீங்க வலது கையில குத்துறீங்க."

"இடதுலதானே குத்துறேன், என் எதிர்ல…"

அப்படியே நின்றுவிட்டார். கிளாரினெட்காரரின் இடது கையைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மகராசி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"தம்பி, காருக்கு இடது எது?"

"நான்தான் வாயைத் திறக்கக் கூடாதே."

"இப்போ திறங்க!"

"ஸ்டீரிங் முன்னாடி உக்காந்திருக்கவங்க இடது."

"நான் எதிர்ல நின்னுல்ல மாட்டினேன்!" தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "கையை மாத்தித் தைச்சுட்டேன் தம்பி! ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிட்டு, மகராசிக்குக் கையை மாத்தித் தைச்சுட்டேன்!" சட்டென்று சிரிப்பை நிறுத்தி என்னை முறைத்தார். "அன்னைக்கு இருமினீங்களே. தெரிஞ்சுதானே இருமினீங்க?"

"சட்டம் உங்களோடது அண்ணி."

"நல்ல கொழுந்தன் வாய்ச்சீங்க" என்று சொல்லிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார். டேப் பின்னால் பறந்தது. கிளாரினெட்காரர் ஸ்டூலிலேயே நின்று, "அக்கா, ஊசி… ஊசி குத்துது" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவரும் ஊசி குத்திய கோட்டோடு முற்றத்துக்கு வந்து நின்றார்.

கழற்றி மாற்றியது முழுக்க அண்ணிதான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது மூக்குகள் மேலே பார்த்தன. ஆனால் பெடல் மிதிக்க ஆள் இல்லை. அண்ணன் வேலையில் இருந்தார். அண்ணி கிளாரினெட்காரரைப் பார்த்தார். அவர் கையைத் தூக்க முடியாமல் நின்றார். பிறகு அண்ணி என்னைப் பார்த்தார்.

"ஏறுங்க. மிதிக்கச் சொன்னா மிதிக்கணும், விடச் சொன்னா விடணும். வேற எதையும் தொடக் கூடாது."

இத்தனை காலம் கழித்து மகராசிக்குள் உட்கார்ந்தேன். சீட்டுக்கு அவரே தைத்த உறை. தையல் ஒரு நூல் பிசகவில்லை. கீழேயிருந்து குரல் வந்தது: "மிதிங்க. பிடிங்க. விடுங்க. மிதிங்க." திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். மூக்கில் மாட்டிய ஒளிபுகும் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் காற்று குமிழி குமிழியாகப் போயிற்று. பிறகு குமிழி குறைந்தது. பிறகு வெறும் ஆயில். என் காலுக்குக் கீழே பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திமிர் பிடித்துக்கொண்டு எழுந்து, கடைசியில் கல்லாக நின்றது.

"அண்ணி!" என்றேன்.

"தெரியுது, தெரியுது. கத்தாதீங்க" என்றார் அண்ணி, காருக்கடியிலிருந்து கத்தி.

சக்கரங்களை மாட்டிக் கட்டைகளை எடுக்கவும், வாசலில் ஒரு பழைய இரும்பு வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பக்கத்து சீட்டிலிருந்து அண்ணன் சீருடையோடு இறங்கினார். மகராசிக்குள் ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தார். இன்னொரு தடவை, உடம்பைக் கொடுத்து மிதித்தார். வண்டியை உருட்டி, முற்றத்துக்குள்ளேயே சட்டென்று நிறுத்திப் பார்த்தார். தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இறங்கினார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, சீட்டைச் சாய்த்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ நான் என்ன பண்றது?" என்றார் இரும்புக்காரர்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. அவர் வண்டியின் பின்னால் குவிந்து கிடந்த தகரங்களுக்கு நடுவே ஒரு பழைய கார்க் கதவு கிடந்தது. அதில், கண்ணாடி சுற்றுகிற கைப்பிடி ஒன்று பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கழுத்திலிருந்த டேப்பை உருவினார். ஒரு காலைத் தூக்கி இரும்பு வண்டியின் சக்கரத்தில் வைத்து ஏறி, டேப்பின் மறுமுனையை என் பக்கம் வீசினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பிடிங்க."