தலைகீழாய்த் தைத்த பட்டைகள்

ஊராருக்குச் சட்டை தைத்தால் குறை சொல்ல ஒருவர்தான் வருவார். பட்டாளத்துக்குத் தைத்தால் சிப்பாய் முதல் பெரிய அதிகாரி வரை வரிசையாக வருவார்கள். மிஷின் மிதிக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

சீனச் சண்டை முடிந்த சமயம் அது. திருச்சி முகாமில் என் வீட்டுக்காரர்தான் தையல்காரர். அவருக்கு வலது கை விளங்காமல் போனதும் அந்த மிஷினில் நான் உட்கார்ந்தேன். காலையில் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு பஸ் ஏறுவேன். மூன்று பிள்ளைகளும் அந்த மிஷினை நம்பித்தான்.

பொத்தான் திருட்டு

அப்போதிருந்த அதிகாரிக்குக் கத்தத்தான் தெரியும். ஒரு பொத்தான் குறைந்தாலும் முதுகில் மூட்டையோடு வெயிலில் ஓட வேண்டும். ஒழுங்கு வந்ததா? கொடியில் காய்ந்த சட்டைகளில் பொத்தான்தான் காணாமல் போனது! அடுத்தவன் சட்டையில் அறுத்ததை என்னிடம் தைக்கக் கொண்டுவருவார்கள்.

லால்குடிக்காரச் சிப்பாய் ராஜமாணிக்கத்திடம் ஒருநாள், "பாவமில்லையாப்பா?" என்று கேட்டேன்.

"பாவந்தாங்க அக்கா. ஆனா பெருமாள் மெதுவாத்தான் கேப்பாரு, இவரு காலையில ஏழு மணிக்கே கேப்பாரே!"

ஏழாவது ஆள்

அந்தக் கத்தல் அதிகாரி மாற்றலாகிப் போய் ஒரு கேப்டன் வந்தார். அதிர்ந்து பேசமாட்டார். வந்த வாரமே சட்டையும் கையுமாக என் அறை வாசலில், வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார். ஹவில்தார் பதறிப்போய், "சார், முன்னால வாங்க" என்றார்.

"ஏன், என் பொத்தான் அவ்வளவு சீனியரா?" என்று சிரித்தார் கேப்டன். முறை வந்ததும் ஊசிநூல் வாங்கி, முக்காலியில் உட்கார்ந்து தானே தைத்துக்கொண்டார். மறுநாள் பாதிப் பேர் ஊசி கேட்டு வந்தார்கள். திருட்டும் நின்றது. ஹவில்தாருக்குத்தான் அலுப்பு.

"கத்தினா காதைப் பொத்திக்கலாம் அக்கா. இவரு செஞ்சு காட்டுறாரே, கண்ணைப் பொத்திக்க முடியுமா?"

நெஞ்சில் வைத்த கை

மேலிடத்துப் பெரிய அதிகாரி பார்வையிட வருவதற்கு முதல் நாள், பதவி உயர்வு பெற்ற ராஜமாணிக்கம் உட்பட நாலு பேருக்குச் சட்டைக்கையில், பதவியைக் காட்டும் 'வி' வடிவப் பட்டை தைத்தேன். பட்டையின் முனை கீழே பார்க்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஜுரம்; மனம் அங்கே, கை இங்கே. நாலிலும் முனை மேலே பார்த்தது. மடித்து வைத்த சட்டையை அவர்கள் அவசரமாக மாட்டிக்கொண்டு பரேடுக்கு ஓடிவிட்டார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வேலை போனால் பிள்ளைகளுக்குச் சோறு? பெரிய அதிகாரி பட்டையைத் தொட்டு ஏதோ அதட்டினார். கேப்டனின் கை என் அறைப் பக்கம் நீளப்போகிறது என்று நினைத்தேன். அவர் தன் நெஞ்சில் கை வைத்தார். தலை குனிந்து நின்றார். "சட்டையைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டியவன் நான்தான்" என்று சொன்னாராம். ஹவில்தார் வந்து சொன்னார்.

அழுதுகொண்டே கேப்டனிடம் போனேன். "பயந்துகிட்டே தைச்சா இன்னும் கோணும்மா. நிதானமா பிரிச்சுத் தைங்க" என்றார். திரும்பி வந்தால், அந்த நாலு பேரும் என் அறையில் உட்கார்ந்து பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் நிமிரவேயில்லை.

"நாங்க திட்டு வாங்கிப் பழகினவங்கதான் அக்கா. எங்களுக்காக அவரு வாங்கினதைத்தான் தாங்க முடியல."

அன்று முதல் என் தையலை நாலு பேர் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்கள்; நல்ல அதிகாரி வாய்த்தால் பட்டாளம் திருந்திவிடும், தையல்காரி பாடுதான் திண்டாட்டம்!