பூக்கேட்கப் போன இருத்தலியம்

கல்லூரியில் மெய்யியல் கற்பித்த காலத்தில் தேர்வுக்கு அஞ்சியவர்களே என் சொல்லுக்குச் செவி சாய்த்தார்கள். ஓய்வு பெற்ற பின்னரோ, யாதோர் அச்சமும் இல்லாமல் கேட்கும் இருவர் எனக்கு வாய்த்தனர். வண்டியூர்த் தெப்பக்குளத்தைக் காலையில் வலம் வந்து, வியர்வை ஆறும் வரை படிக்கட்டில் அமர்ந்திருப்போம். அதுவே வகுப்பறை.

ஒருவர் கப்பலூரில் கடைசல் பட்டறை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டவர், மனைவியை இழந்தவர். மற்றவர் திருமங்கலத்துப் பள்ளியொன்றில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையார். இளமையிலேயே கணவரைப் பறிகொடுத்துத் தனித்து வாழ்ந்தவர். என்னை அவர் ‘அக்கா’ என்பார். பட்டறைக்காரர் ‘அம்மா’ என்பார்.

இருத்தலியத்தை அவர்களுக்கு விளக்க நான் இரும்பைத்தான் துணைக்கு அழைத்தேன். கடைசல் எந்திரத்தில் துண்டு ஏறுவதற்கு முன்பே அதன் வரைபடம் ஆயத்தமாக இருக்கிறது. மனிதனுக்கு அப்படியொரு வரைபடம் இல்லை. அவன் முதலில் பிறந்துவிடுகிறான், பிறகு தன் செயல்களால் தன்னை வடித்துக்கொள்கிறான் என்றேன்.

“அப்ப பீஸு ரிஜெக்ட் ஆச்சுன்னா யாரைம்மா திட்டுறது?” என்றார் பட்டறைக்காரர்.

“தம்மைத்தான்.”

“அது ரொம்பச் சங்கடம்மா. மேல சூப்பர்வைசருன்னு ஒருத்தரு இருந்தாத்தான் நிம்மதி.”

அறத்தைப் பற்றி இத்தனை தெளிவான எதிர்ப்பை எந்தக் கருத்தரங்கிலும் நான் எதிர்கொண்டதில்லை. ஓவிய ஆசிரியைக்கோ இக்கொள்கை முதல் நாளே இனித்துவிட்டது. “நான் வரைய உக்காரும்போது என்ன வரப்போகுதுன்னு எனக்கே தெரியாதுக்கா. பாதிக்கு மேலதான், ‘அட, இதுவா’ன்னு பிடிபடும்” என்றார். கலையைப் பற்றி இருத்தலியர் கூறியதும் ஏறத்தாழ அதுவே என்றேன். “அவுகளும் டிராயிங் டீச்சரா?” என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார்.

கடவுளைப் பற்றிய கேள்வியும் வந்தது. “சாமியே இல்லைங்கிறாகளா?” என்று பட்டறைக்காரர் கவலையோடு கேட்டார். இருத்தலியருள் இல்லை என்றோரும் உண்டு, உண்டு என்றோரும் உண்டு. நம்புவதும் நம் தேர்வே, அதன் பொறுப்பை நாமே சுமக்க வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர் என்றேன்.

அக்கவலையின் வேர் எனக்குச் சில வாரங்களில் விளங்கிற்று. குளக்கரையில் நடப்போர் அனைவரும் அவரை ‘அண்ணே’ என்றே விளித்தனர். ஓவிய ஆசிரியையும் அவ்வாறே விளித்துவந்தார். எப்போதோ அந்தச் சொல் அவர் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. மாற்றுச் சொல் எதுவும் வரவில்லை. ‘இந்தாங்க’, ‘ஏங்க, அந்தத் தண்ணி பாட்டில்’ என்று பெயரில்லாமலே காலம் ஓடிற்று. சொற்களோடு வாழ்நாளைக் கழித்த நான் அந்த வெற்றிடத்தைக் கண்டு உள்ளூர மகிழ்ந்திருந்தேன்.

ஒருநாள் பட்டறைக்காரர் தனியே வந்தார். மறுமணம் செய்துகொள்ளலாமா என்று எண்ணுவதாகச் சொன்னார். ஓவிய ஆசிரியையிடம் கேட்டீர்களா என்றேன்.

“கேக்கலம்மா. நம்ம விசயத்தை மொதல்ல எங்க கருப்பசாமிகிட்டப் பூப்போட்டுப் பாத்துருவோம்னு மட்டும் சொன்னேன். அவுகளும் சரின்னுட்டாக. உத்தரவு கெடச்சுட்டா மகன்கிட்ட, சொந்தபந்தத்துகிட்ட ‘சாமி சொல்லிருச்சு’ன்னு சொல்லிரலாம்ல?”

“உமது விருப்பம் என்ன?”

“அதையும் சாமியே சொல்லட்டும்மா.”

பூப்போட ஏன் இசைந்தீர்கள் என்று ஓவிய ஆசிரியையிடம் கேட்டேன். “நானா ஆசைப்பட்டேன்னு இருக்க வேணாம்க்கா. இந்த வயசுல தெருவுல என்ன பேசுவாக?” என்றார். படிக்கட்டில் நான் ஆற்றிய உரைகள் அனைத்தும் நீரில் கரைந்ததைக் கண்டேன். இருவரும் தத்தம் மனத்தை ஒருவருக்கொருவர் சொல்லாமலேயே மணமேடை ஏறவோ, சொல்லாமலேயே பிரிந்துவிடவோ ஆயத்தமாக இருந்தனர். சாமி மறுத்துவிட்டால் இருவரும் வாய் திறக்கவே போவதில்லை. அதுதான் எனக்கு அச்சமூட்டிற்று. ஆகவே நானும் உடன் சென்றேன்.

திருமங்கலத்தைத் தாண்டி, மக்காச்சோளம் விளைந்து நின்ற கரிசல் நிலத்தினூடே மகிழுந்தைப் பட்டறைக்காரரே ஓட்டினார். வேப்பமரத்தடியில் கருப்பசாமி அரிவாளோடு நின்றிருந்தார். பூசாரி வார நாள்களில் தொழிற்சாலையில் பணியாற்றுபவர். நீலச் சீருடைச் சட்டைக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, இன்னைக்கு ரெண்டாம் ஷிப்டு. கம்பெனி வண்டி வந்துரும். வெரசா முடிச்சுருவோம்” என்றார்.

செவ்வரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளரளியை மற்றொன்றிலும் வைத்து, வேறுபாடு தெரியாதபடி மடித்துக் கட்டிச் சாமியின் காலடியில் உருட்டிவிடுவார்கள். எந்த நிறம் இசைவு, எந்த நிறம் மறுப்பு என்று முன்னதாக உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது வழக்கம். அன்றைய அவசரத்தில் பூசாரி, “எந்தப் பூ சம்மதம்னு மனசுல நெனச்சுக்கங்க. நெனச்சாச்சா?” என்றார். இருவரும் கண்களை மூடித் தலையசைத்தனர்.

“எடுக்குறது மூணாவது ஆளா இருக்கணும். அம்மா, நீங்க வாங்க.”

ஒருவருக்காக மற்றொருவர் தேர்வு செய்ய இயலாது என்று ஓராண்டாக முழங்கியவளிடமா இந்தப் பணி! நான் தயங்கி நின்றேன்.

“அக்கா, தத்துவத்தைக் கார்ல வச்சுட்டு வந்து எடுங்க” என்றார் ஓவிய ஆசிரியை.

எடுத்தேன். பிரித்தேன். செவ்வரளி.

“கருப்பா!” என்று பட்டறைக்காரர் கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார், முகம் விளக்கேற்றியது போல் ஆயிற்று. அதே நொடியில் ஓவிய ஆசிரியையின் முகம் வாடிற்று. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகிழுந்தை நோக்கி நடந்தார்.

“என்ன டீச்சர் போறீக? செவப்பு வந்துருக்கு!”

“அதான் வந்துருச்சே. வாங்க, போவோம்.”

“செவப்புதான சம்மதம்?”

அவர் நின்று திரும்பினார். “வெள்ளைதான சம்மதம்? எங்க பக்கம் எப்பவும் வெள்ளைதான்.”

“எங்க சாமிக்குச் செவப்புதாங்க!”

பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். “அய்யய்யோ, சத்தமாச் சொல்லச் சொல்லாம விட்டுட்டேனே! தப்பு எம்மேலதான். மறுக்காக் கட்டிருவோம்” என்று இலையைத் தேடினார்.

நான் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டேன். ஒரே பூ ஒருவருக்கு இசைவு, மற்றவருக்கு மறுப்பு! அடையாளம் எங்கிருந்து வந்தால் என்ன, அதற்குப் பொருள் உரைப்பவர் மனிதரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதை நான் உரையாக விரிக்கத் தொடங்கினேன், கேட்பார் எவருமில்லை. அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை மற்றவர் படித்துக்கொண்டிருந்தனர்.

“ஏன் டீச்சர், வெள்ளை வரலைன்னதும் அம்புட்டு வருத்தமா?”

“செவப்பு வந்ததும் உங்களுக்கு மட்டும் எதுக்கு அம்புட்டுச் சந்தோசம்?”

பூசாரி புதிய பொட்டலங்களோடு வந்தார். ஓவிய ஆசிரியை அவற்றைத் தம் கையால் மறைத்தார். “வேணாம். இந்தத் தடவை மாத்தி வந்துச்சுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

சொன்ன பிறகே தாம் சொன்னது இன்னதென்று உணர்ந்தவர் போல் நாணினார். பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“அப்ப… நானே கேக்கவா?”

“யாருகிட்ட?”

“உங்ககிட்டத்தான்.”

“கேளுங்க. சாமியும் கேட்டுக்கிரட்டும்.”

“என்னைக் கட்டிக்கிறீகளா, டீச்சர்?”

“சரி” என்றார். பிறகு விரலை உயர்த்தி, வகுப்பில் பேசுவது போலவே, “ஆனா மகன்கிட்ட ‘சாமி உத்தரவு’ன்னு சொல்லக் கூடாது. ‘எனக்குப் பிடிச்சிருக்கு’ன்னு சொல்லணும்” என்றார்.

பட்டறைக்காரர் வேப்பமரத்தைப் பார்த்தார், கருப்பசாமியைப் பார்த்தார், கடைசியாகக் கைப்பேசியை எடுத்தார். எதற்கென்று சொல்லாமல், பூக்கேட்கப் போவதாக மட்டும் மகனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுமுனையில் அவன் கேட்டது எங்களுக்கும் கேட்டது: “என்னப்பா, சாமி என்ன சொல்லுச்சு?”

“சாமிய விடுடா. நான் சொல்றேன் கேளு. எனக்கு டீச்சரைப் பிடிச்சிருக்கு. அவுகளுக்கும் பிடிச்சிருக்கு. கட்டிக்கப்போறோம்.”

பிறகு மகன் ஏதோ தணிந்த குரலில் சொன்னான். பட்டறைக்காரர் கைப்பேசியை ஓவிய ஆசிரியையிடம் நீட்டினார்.

“உங்ககிட்டப் பேசணுமாம்.”

மகன் எதிரிலேயே நிற்பது போல அவர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கண்களைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை இரு கைகளாலும் வாங்கினார்.

“தம்பி… சாப்பிட்டாச்சா?”